கீழ்வீட்டு அக்கா வேனை விட்டு இறங்கிய நாள்

எங்களோடு எத்தனையோ இடங்களுக்கு வந்திருக்கிறார்; எதையும் பார்த்ததில்லை. கீழ்வீட்டு அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான். சிங்கப்பெருமாள் கோவிலில் சாமியைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். நாங்கள் பதினைந்து பேரும் சுற்றி முடித்து வரும்வரை அவர் வாசலில் எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமல்லபுரத்தில் எல்லாரும் அலையில் நனைந்துகொண்டிருக்க, அவர் மணலில் துண்டுகளுக்கும் டிபன் கேரியருக்கும் காவல் இருந்தார். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில், நாலைந்து கைப்பைகளை மடியில் அடுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். முகம் பாதிதான் விழுந்திருக்கும்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்."

இதைச் சலிப்போடு சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அதனால் யாருக்கும் அவரிடம் கேட்க வேண்டிய சங்கடமே வரவில்லை.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, எட்டு வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. சுற்றிலும் பாதி மனைகள் அப்போது காலியாகவே கிடந்தன. மழை பெய்தால் இரண்டு நாளைக்குத் தவளை கத்தும். தரைத்தளத்து வீடு அக்காவின் அண்ணனுடையது. அண்ணன் குடும்பம் புனேயில் இருந்தது. அக்கா தனியாக இருந்துகொண்டு, புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பதுக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் எங்கள் ஒவ்வொருவர் வீட்டின் மாற்றுச் சாவி. கூரியர் வந்தாலும் அவரிடம்தான், சிலிண்டர் வந்தாலும் அவரிடம்தான்.

"இன்னாக்கா, மேல்வூட்ல யாரும் இல்லியா? இங்கயே வெச்சிட்டுப் போவட்டா?" என்பார் சிலிண்டர் போடுகிறவர்.

"வைப்பா. நான் இருக்கேன்."

"நீ இல்லாங்காட்டி இந்த பில்டிங்கே பேஜாராப் பூடும்க்கா."

அக்கா சிரிப்பார். அந்தப் பாராட்டை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

என் கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருஷம் பாடம் எடுத்துவிட்டு, குழந்தை உண்டானதும் நின்றுவிட்டேன். மகள் பிறந்த பிறகு, பகல் முழுவதும் நானும் அவளும் சுவர்க் கடிகாரமும்தான். எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எத்தனை சொட்டு மருந்து, எப்போது தூங்கினாள் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு விழித்துக்கொள்வாள். பிறகு அழுவாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கும் அழுகை ஏழு மணிவரை போகும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அக்கா படியேறி வந்தார். "குடும்மா" என்று மட்டும் சொன்னார். தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். பாட்டும் இல்லை, தாலாட்டும் இல்லை. தையல் மெஷின் ஓடுவது மாதிரி ஒரு முனகல். பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டாள். அவர் தோளில் அடங்கிய குழந்தை என் கைக்கு வந்ததும் மறுபடி சிணுங்கியது. எனக்கு நன்றி வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அதற்கு அப்போது நான் பெயர் வைக்கவில்லை.

அவருக்குக் கல்யாணமான ஏழாவது மாதம் ஸ்கூட்டர் விபத்தில் கணவர் போய்விட்டார் என்று மூன்றாவது மாடியில் சொன்னார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. எங்கள் குடியிருப்பில் எல்லாரும் படித்தவர்கள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றுதான் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மகளின் முதல் பிறந்தநாள் வரைக்கும்.

அன்றைக்குச் சமையலில் பாதி அக்காவுடையது. பாப்பாவைக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டியதும் அவர்தான். மனையில் உட்கார வைத்து, "ரெண்டு பேரு வாங்கம்மா, ஆரத்தி எடுக்க" என்று என் மாமியார் கூப்பிட்டார். நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாயசம் அடிபிடிச்சிடும்மா. நீங்க பண்ணுங்க, நான் இங்க இருக்கேன்."

ஆரத்தி முடிந்து நான் உள்ளே போனபோது, அணைந்த அடுப்பின் முன்னால் நின்று பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரிடம் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவருக்கு வலிக்குமோ, சொல்லாவிட்டால் வலிக்குமோ என்று யோசித்தே ஒரு வாரம் ஓடிப்போனது.

அந்த வருஷம் அரையாண்டு விடுமுறையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி கோத்தகிரிக்கு மூன்று நாள் பயணம் ஏற்பாடு செய்தார். ரயிலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து வேன். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "நீ போய்ட்டு வா. வீட்டுக்குள்ளயே கெடந்து மூஞ்சியே மாறிப்போச்சு உனக்கு. அக்காதான் கூட வராங்கல்ல" என்றார். மலைக் குளிர் குழந்தைக்கு ஆகுமா, வளைவில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது, அங்கே டாக்டர் இருப்பாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் "அக்கா இருக்காங்க" என்றே பதில் சொன்னார்.

வாந்தி எடுத்தாள், அக்காவின் புடவையில். கொண்டை ஊசி வளைவுகளில் வேன் திரும்பத் திரும்ப, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது தேயிலைச் சரிவுகள் தெரிந்தன. மேகம் ஒன்று சாலைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாலையின் ஓரமாக வரிசையாக ஆட்கள் நடந்து போனார்கள். பெண்கள் வெள்ளைத் துணி உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஆண்களும் வெள்ளைதான். குழந்தைகள்கூட.

"எவ்ளோ கூட்டம் பாருங்க. யாரோ பெரிய மனுஷங்க போய்ட்டாங்க போல" என்ற செகரட்டரியின் மனைவி தன் மகன் பக்கம் திரும்பினார். "டேய், அந்த ஸ்கிரீனை இழுத்து விடு. மொதல்ல போய் எறங்கறப்பவே சாவா."

டிரைவர் மேட்டுப்பாளையத்துக்காரர். "சாவுமில்லீங், ஒண்ணுமில்லீங். இது படுகருங்க நோம்பிங்க. ஹெத்தையம்மன் நோம்பி."

"நோம்பின்னா பண்டிகையா? பண்டிகைக்கா வெள்ளை கட்டுவாங்க?"

"ஆமாங். கல்யாணப் பொண்ணே வெள்ளதானுங் கட்டும்."

"நம்ம பக்கம் அப்டி வந்து நின்னா மாப்பிள்ள தாலிய மேளக்காரங்கிட்ட குடுத்துட்டு ஓடிடுவான்" என்றார் செகரட்டரி. வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. புகை படிந்தது போலிருந்த ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். ஒரு இடத்துக்கு வந்து, அந்த இடத்தை அவர் பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, டிரைவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வயசானவங்க, சின்னவங்க எல்லாருமாப்பா?" என்று கேட்டார்.

"எல்லாருந்தானுங்க்கா."

மறுநாள் மதியம் ஒரு காட்சி முனைக்குப் போனோம். வேன் போக முடிந்த இடத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். வேன் நின்ற இடத்துக்கு மேலேயே ஒரு படுகர் ஊர். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள். அங்கிருந்து ஊதுகுழலும் மேளமும் கேட்டன. மகள் அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுவாள்; தூக்கிக்கொண்டு நடந்தால் காற்று. விட்டுப் போனால்? நான் இறங்கினேன், பத்தடி நடந்தேன், திரும்பி வந்து ஸ்வெட்டர் பட்டனைச் சரிபார்த்தேன். மறுபடி இறங்கினேன். மறுபடி வந்து பால் புட்டி எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

"எத்தன தடவதான் எறங்கி ஏறுவ?" என்றார் அக்கா. "போய்ட்டு வாம்மா. உன் கண்ணுக்கும் எதையாவது காட்டு."

போனேன். பாதை முடிகிற இடத்தில் நிலமும் முடிந்தது. கீழே, வெகு ஆழத்தில், ஒரு ஆறு நூல் மாதிரி கிடந்தது. அதற்கு அப்பால் சமவெளி வெயிலில் புகைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. கணவரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. அந்தக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, எனக்கு ஒரு குழந்தை இருப்பதையே மறந்திருந்தேன். நினைவு வந்ததும் வேலியை விட்டு விலகினேன். மற்றவர்களுக்குக் காத்திராமல் திரும்பி வேகமாக நடந்தேன்.

வேனில் யாரும் இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவை இழுத்து உள்ளே ஏறிப் பார்த்தேன். பால் புட்டி இருந்தது. ஸ்வெட்டர் தொப்பி சீட்டில் கிடந்தது. டிரைவர் கீழே ஒரு டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். "அந்தக்கா பாப்பாவத் தூக்கிட்டு எறங்குனதப் பாத்தனுங். கதவச் சாத்திட்டுத்தான் போனாங்க. எந்தப் பக்கம்னு பாக்கலீங்."

ஒரு பக்கம் சரிவு. பனி ஏறிக்கொண்டிருந்தது. நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். செகரட்டரியின் மனைவி முதலில் வேனுக்குள்தான் ஏறினார். "என் ஹேண்ட்பேக் சீட்லயே கெடக்கு. எவனாவது எடுத்துட்டுப் போயிருந்தா? இவங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனோம்."

நான் ஊர்ப் பக்கம் ஏறும் மண்பாதையில் ஓடினேன். சேற்றில் செருப்பு வழுக்கியது. பாதி தூரத்தில் அவர்கள் எதிரே வந்தார்கள்.

அக்கா முன்னால், பின்னால் வெள்ளை உடுத்திய ஒரு மூதாட்டி. அக்காவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கண் கலங்கிச் சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும், வழக்கமான அடங்கிய குரலில் இல்லாமல், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை மாதிரி அவசர அவசரமாகப் பேசத் தொடங்கினார்.

"முழிச்சிட்டு ஒரே அழுக, அடங்கவே மாட்டேன்னுட்டா. சத்தம் கேட்டு இந்தம்மா எறங்கி வந்தாங்க. வீட்டுக்கு வான்னாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்னேன். நல்ல நாள்ல வாசல்ல நிக்கறதா, உள்ள வான்னு கையப் புடிச்சு இழுத்துட்டாங்க. அவரக்கொட்டக் குழம்பு ஊத்தி சோறு போட்டாங்கம்மா. பாப்பாவும் சாப்ட்டா. அப்பறம் என்னையக் குனியச் சொல்லி, தலைல கை வெச்சு..."

இவ்வளவும் அவர் சொன்னார் என்பது பின்னால் யோசித்துக் கூட்டிச் சேர்த்தது. அந்த நேரத்தில் நான் பார்த்தது ஒன்றைத்தான். அவர் தோளில் என் மகள் தலையிலிருந்து கால்வரை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டிருந்தாள். முகம் மட்டும் வெளியே. கண் மூடியிருந்தது.

பிடுங்கினேன். துணியை உருவி எறிந்தேன்.

"யாரு இத எம்பொண்ணு மேல போட்டது?"

மகள் திடுக்கிட்டு விழித்து வீறிட்டாள். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். துணி சேற்றில் விழுந்து கிடந்தது.

"குளுருதேன்னு..." என்றார் அக்கா.

அந்த மூதாட்டி துணியை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அக்கா குனிந்து எடுத்துவிட்டார். சேற்றைத் தட்டினார். தட்டத் தட்ட அது பரவியது. மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்காவிடம், "தாயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சின்னப் பொண்ணு. பயந்துட்டா."

எனக்காக அவர் பரிந்து பேசினார். நான் குழந்தையின் கை, கால், நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூதாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழே வந்ததும் செகரட்டரியின் மனைவி, "பையெல்லாம் அப்டியே போட்டுட்டுப் போய்ட்டீங்களேக்கா" என்றார். "தப்புதான்" என்றார் அக்கா. மூதாட்டி அவருக்கே கொடுத்துவிட்ட துணியைச் சதுரமாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். பைகள் எல்லாம் அவரைச் சுற்றித்தான் இருந்தன.

மூன்றாம் நாள் ஊட்டிப் பக்கம் தோடர்களின் கோயிலைப் பார்க்கப் போனார்கள். பாதி பீப்பாயைக் கவிழ்த்தது மாதிரி அழகாக இருந்தது என்றார்கள். நான் இறங்கவில்லை. அக்காவும் இறங்கவில்லை. வேனில் நாங்கள் இருவர், நடுவில் ஐந்து சீட்டுகள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. என் மடியில் மகள் தூங்கினாள். எழுந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அங்கே மணமகளே வெள்ளை உடுத்துவாள் என்று முதல் நாளே கேட்டிருந்தேன். சிரித்துமிருந்தேன். இருந்தும் கை அதைச் செய்தது. எல்லாத் தாய்க்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று பின்னால் கணவர் சொன்னார். ஆனால் எனக்கு அது போதவில்லை. துணி வெள்ளையாக இருந்ததால் இழுத்தேனா, சுற்றியவர் அவர் என்பதால் இழுத்தேனா? மாமியார் என் வீட்டுக் கூடத்தில் பார்த்த அந்தப் பார்வையை, அந்தச் சேற்றுப் பாதையில் நான் அவர்மேல் எறிந்தேனா? அக்கா அதை அந்தப் பார்வையாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதில் பழக்கம் இருந்தது.

ஊர் திரும்பியதும் எல்லாம் முன்போலவே நடந்தது. சாவிகள் ஆணியில் தொங்கின. சிலிண்டர் வந்தால் மேலே குரல் கொடுப்பார். ஒன்றே ஒன்று மாறியது. மகள் அவரைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டித் தாவுவாள். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"கை ஈரமா இருக்கு கண்ணு. அம்மாகிட்டயே இரு."

ஈரமாக இருக்காது. ஊசி நூலோடு உட்கார்ந்திருப்பவர் கை எப்படி ஈரமாகும்?

சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் படியிறங்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் அவர் முந்திக்கொண்டார். "உனக்கு கூரியர் வந்திருக்கும்மா" என்பார், அல்லது "உன் நீலப் புடவைக்கு ஃபால்ஸ் முடிஞ்சுது" என்பார். நான் அதை வாங்கிக்கொண்டு படியேறிவிடுவேன். சாயங்கால அழுகையின்போது படியில் காலடி கேட்கிறதா என்று கவனிப்பேன். கேட்காது. அவர் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கீழேயிருந்து வரும்.

"விடு. அவங்க எப்பவோ மறந்திருப்பாங்க" என்றார் கணவர்.

ஏழெட்டு மாதம் கழித்து அண்ணன் அந்த வீட்டை விற்றார். அக்காவுக்குப் படப்பையில் ஒரு சித்தப்பா மகள் வீட்டு மாடியில் அறை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சாமான் அதிகமில்லை, குட்டி டெம்போவில் பாதிதான் நிறைந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறி அவரவர் சாவியைக் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு அவரோடேயே வாசல்வரை இறங்கிப் போனேன்.

டெம்போ பக்கத்தில், வேறெதுவும் யோசிக்காமல், மகளை அவரிடம் நீட்டினேன். "கொஞ்சம் புடிங்கக்கா."

"கை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். மகள் அவர் மோவாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தோளில் சாய்ந்தாள். அந்த முனகலை அவர் தொடங்கினார்.

அவர்களைத் தனியாக விடலாம் என்று தோன்றியது. போய் இறங்கியதும் சாப்பிட அவருக்குப் புளிசாதம் கட்டி மேலே வைத்திருந்தேன். எடுத்து வரலாம் என்று திரும்பிப் படிப்பக்கம் இரண்டடி வைத்தேன்.

"எங்க போற?"

முனகல் நின்றிருந்தது. அவர் குரல் அப்படிப் பதறி நான் கேட்டதில்லை.

"சாப்பாடு கட்டி வெச்சிருக்கேன்க்கா, எடுத்துட்டு வரேன்."

"வேணாம்மா. அதெல்லாம் வேணாம்." குழந்தையை மார்போடு ஒரு கையால் அணைத்தபடி, மறு கையால் எனக்கு எதிரே இருந்த தரையைக் காட்டினார். "இங்கயே நில்லு. எங்களப் பாத்துக்கிட்டே நில்லு."

டெம்போ டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடிக்கும்வரை, அவர் காட்டிய இடத்திலேயே, கண்ணை எடுக்காமல் நின்றேன்.